சேப்பாக்கத்துப் புரட்டாசி வெயில்

சென்னையில் கிரிக்கெட் ஆடும் நாட்களை நெடுங்காலமாக வகுத்துத் தந்தவை வெயிலும் மழையுமே. கத்திரி வெயிலில் நாள் முழுதும் ஆடுவது கடினம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மைதானத்தை நனைத்துவிடும். ஆகவே நீண்ட ஆட்டங்களுக்குத் தை மாதமே ஏற்றதாக எஞ்சியது.

மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வாழ்ந்து, 1888-இல் இந்தியர்களுக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவிய புச்சி பாபு நாயுடு, இந்தியரைச் சேர்த்துக்கொள்ளாத மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புடன் தம்மவர் சமமாக மோத வேண்டும் என விரும்பி, மாகாண ஆட்டம் எனப்பட்ட இந்தியர், ஐரோப்பியர் போட்டிக்கு ஏற்பாடு செய்தார். அது தொடங்குமுன்பே 1908-இல் அவர் காலமானார் என்றாலும், அந்த ஆட்டம் நிலைபெற்றுப் பொங்கலை ஒட்டி நடப்பது வழக்கமாயிற்று. பிற்காலத்தில் சேப்பாக்கத்தின் டெஸ்ட் ஆட்டங்கள் பலவும் பொங்கல் டெஸ்ட் என்றே பெயர்பெற்றன.

இந்த வழக்கத்திற்கு மாறாக, 1986 செப்டம்பர் 18-இல், புரட்டாசி பிறந்த கையோடு, ஆலன் பார்டர் தலைமையில் ஆஸ்திரேலிய அணி இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் அங்கே களமிறங்கியது. அதற்குமுன் இரண்டே டெஸ்ட்கள் ஆடியிருந்த 25 வயது டீன் ஜோன்ஸ், கடலோரக் காற்றின் ஈரத்தால் வியர்வை ஆவியாகாமல் உடல் தணிய வழியின்றி, நீரும் உப்பும் இழந்து, தசைப்பிடிப்பாலும் வாந்தியாலும் துவண்டார். வெளியேற விரும்பியவரிடம், அப்படியானால் மன உறுதியுள்ள குயின்ஸ்லாந்துக்காரர் ஒருவரை அனுப்பச் சொல்வதாகத் தாமும் அம்மாநில அணிக்கு ஆடியவரான பார்டர் கூறவே, ஜோன்ஸ் தொடர்ந்து நின்று 502 நிமிடங்களில் 210 ஓட்டங்கள் எடுத்தார். பின்னர் மருத்துவமனையில் அவருக்குச் சலைன் ஏற்ற வேண்டியிருந்தது.

அந்த இன்னிங்ஸ் மன உறுதிக்குச் சான்றாகவே இன்றும் போற்றப்படுகிறது. அந்தப் புகழ் அவருக்கு உரியதே. ஆயினும் உடல் வெப்பம் எல்லை மீறினால் மூளையும் சிறுநீரகமும் பழுதுபடும், உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், இளம் ஆட்டக்காரர் எவருக்கும் அதை முன்மாதிரியாகக் காட்டுவது தவறு. அதே வெயிலில் சக வீரர் கிரெக் மாத்யூஸ் கம்பளி ஸ்வெட்டர் அணிந்து பந்துவீசிப் பத்து விக்கெட்டுகள் வீழ்த்தினார் என்பது, வெப்பத்தை எல்லா உடலும் ஒரேவிதமாகத் தாங்குவதில்லை என்பதை உணர்த்துகிறது. செப்டம்பர் 22-இல் இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆக, இரு அணிகளின் மொத்த ஓட்டங்களும் சமமாகி, டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது ‘டை’ பதிவாயிற்று.

புச்சி பாபு பெயரிலான போட்டித் தொடரோ, உள்நாட்டுப் பருவத்துக்கு முன்னேற்பாடாக, மழை தொடங்குமுன் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நடத்தப்பட்டு வருகிறது. வெளிமாநில அணிகளோடு வரும் இளைஞர்கள் தமிழகத்தின் இந்த வெயிலைச் சந்திப்பது பெரும்பாலும் அப்போதுதான்.