பெரம்பூர் மில்லும் பத்து நிமிஷமும்

தொழிலாளர் நலத்தின் வரலாறு என்றதும் பலரும் கூலி, போனஸ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். சென்னையில் அது சோற்றுப் பிரச்சினையாகவும் ஆரம்பித்தது. அதாவது, சோறு இருந்தது; அதைச் சாப்பிட நேரம் இல்லை.

1918-ல் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்களில் மதிய இடைவேளை அரை மணி நேரம். இது சட்ட மீறல்கூட இல்லை. 1911-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களிடம் நாளுக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க அனுமதித்தது. நடுவில் அரை மணி விட்டால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்க. எந்திரத்தை விட்டு வெளியே வரணும், பஞ்சுத் தூசியைக் கழுவணும், உட்கார ஒரு நிழல் தேடணும், சாப்பிடணும், சங்கு ஊதுறதுக்குள்ள திரும்பிப் போகணும். மெல்லுறதுக்கு எத்தனை நிமிஷம் மிஞ்சும்?

இந்தக் குறைகளை முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் டாக்டர்கள் இல்லை. செல்வபதி செட்டியார், ராமாநுஜுலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள். அவர்கள்தான் ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க.வையும், அன்னி பெசன்டின் ‘நியூ இந்தியா’வில் இருந்த பி.பி.வாடியாவையும் இதற்குள் இழுத்துவந்தார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, வாடியா தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். அதன் ஆரம்பகாலக் கோரிக்கைகளில் ஒன்று மதிய இடைவேளையை நீட்டுவது. கிடைத்தது பத்து நிமிஷம், முப்பது நாற்பதானது. அவ்வளவுதான்!

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. அதே மில்கள் பிற்காலத்தில் நலத்திட்டங்களுக்குப் பேர்போனவை. பள்ளிக்கூடம், மருந்தகம், குடியிருப்பு எல்லாம் இருந்தன. அவை பொய்யில்லை, பலருக்கு உதவியவைதான். ஆனா மருந்தகம் முதலாளி தருவது. பத்து நிமிஷம் தொழிலாளி கேட்டு வாங்கியது. முதலாவதில் எந்திரம் நிற்பதில்லை, இரண்டாவதில் தினமும் பத்து நிமிஷம் நிற்கும். எங்க துறையிலும் மன அழுத்தம் குறைக்க யோகா வகுப்பு என்று மெயில் வரும், அதுவும் சரியாக மதியம் ஒரு மணிக்கு!

கேட்டு வாங்குவதற்கு விலையும் இருந்தது. 1920-ல் கதவடைப்பு வந்தது. கம்பெனி வாடியா மீதும் சங்கத்தார் மீதும் உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையும் வாங்கியது. தொழிலாளிகளிடம் வேலைநிறுத்தம் பற்றிப் பேசினால்கூட, ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக வழக்கு வரலாம் என்ற நிலை. 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு இந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

இடைவேளை விஷயம் அதற்கு முன்பே நகர்ந்துவிட்டது. 1922 திருத்தத்தில் வேலை நாள் 11 மணியாகக் குறைந்து, ஆறு மணி நேர வேலைக்கு ஒரு மணி ஓய்வு என்றானது. 1948 சட்டத்தில் வேலை நேரம் ஒன்பது மணி. குறைந்தபட்ச ஓய்வு மறுபடியும் அரை மணி, ஆனா அது ஐந்து மணி நேரத்துக்குள் வந்தாகணும் என்றிருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்லி அரசு விதிமுறை போடலாம் என்றும் அந்தச் சட்டத்தில் இருந்தது. அந்தக் கேன்டீனை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு இடம் தரவும் அதே பிரிவு வழிசெய்தது.