தகவல் தொடர்பும் அதன் தடைகளும்: டெனரீஃப் விமான விபத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குரிய டெனரீஃப் தீவின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தனர். இரு விமானங்களும் பழுதின்றி இருந்தன; ரேடியோவும் வேலை செய்தது. பேசிக்கொண்டே இருந்தவர்களுக்கிடையே நேர்ந்த இவ்விபத்தைச் சான்றாகக் கொண்டு தகவல் தொடர்பின் தடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தகவல் தொடர்பு: பொருள்

கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட கோட்பாடு, தகவலின் பயணத்தை மூலம், அனுப்பும் கருவி, தடம், பெறும் கருவி, சேருமிடம் எனப் பகுத்தது. தடத்தில் புகும் இடையூற்றை ‘இரைச்சல்’ என்றது. தந்தி, தொலைபேசிப் பொறியியலுக்கென எழுந்த அக்கோட்பாடு செய்தியின் பொருளைக் கணக்கில் கொள்ளவில்லை. மனிதரிடையேயான தொடர்புக்குப் பின்னூட்டமும் வேண்டும் என்று பின்வந்தோர் சேர்த்தனர். கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்பது சொன்னவருக்குத் தெரியும்போதே தொடர்பு முழுமையடைகிறது என்பதே இக்கட்டுரையின் கொள்கை.

3. தடைகளின் வகைகள்

3.1 புறத்தடை: மூடுபனியால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து இரு விமானங்களும் தெரியவில்லை, தரைக் கண்காணிப்பு ரேடாரும் அங்கில்லை. கே.எல்.எம். விமானத்தைக் காத்திருக்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். அதே நொடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகப் பான் ஆம் விமானி அதே அலைவரிசையில் சொன்னார். இரு குரல்களும் மோதிக் கீச்சொலியாயின. கே.எல்.எம். விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டுமே.

3.2 மொழித்தடை: கோபுரம் தந்தது பயணத்தடத்துக்கான அனுமதி மட்டுமே, புறப்பாட்டுக்கானது அன்று; ஆனால் அதில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் வந்தது. கே.எல்.எம். துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, தாங்கள் டேக்-ஆஃபில் இருப்பதாகச் சேர்த்தார். புறப்படத் தயாராக நிற்கிறார்கள் எனக் கட்டுப்பாட்டாளர் கொண்டார். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. பேசிய ஆங்கிலம் டச்சுக்காரருக்கும் ஸ்பானியருக்கும் தாய்மொழியன்று.

3.3 உளத்தடை: இரு விமானங்களும் இறங்க வேண்டியிருந்த லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்கள் இங்குத் திருப்பப்பட்டிருந்தன. பணிநேர வரம்பு தாண்டினால் விமானம் வழியிலேயே தங்க நேரும் என்ற நெருக்கடி கே.எல்.எம். விமானிகளுக்கு இருந்தது. புறப்படத் துடிப்பவர் காதில் எந்தச் சொல்லும் அனுமதியாகவே விழும்.

3.4 படிநிலைத் தடை: கே.எல்.எம். தலைமை விமானி அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். அனுமதி வரவில்லை என்று துணை விமானி முதலில் அவரைத் தடுத்தார். இரண்டாம் முறை அவர் புறப்பட முனைந்தபோது தடுக்கவில்லை. பான் ஆம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொன்னதும் அக்கேள்வி அடங்கியது.

4. தடை நீக்கம்

விபத்துக்குப் பின், அனுமதி தரும்போதோ அதை நீக்கும்போதோ தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை ஆளக்கூடாது என்ற நெறி நிலைபெற்றது. ஆணையைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது வலுப்பட்டது. இளையவர் தயங்காமல் ஐயம் எழுப்பவும் மூத்தவர் செவிகொடுக்கவும் பழக்கும் பயிற்சி, 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கை ஒட்டி வளர்ந்தது. தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் மருந்தளவைச் செவிலியர் திருப்பிச் சொல்லும் முறையும் இதே அடிப்படையிலானது.

5. முடிவுரை

மேற்கண்ட தடைகளுள் எந்த ஒன்று தனித்து நின்றிருந்தாலும் விபத்து தவிர்ந்திருக்கலாம். ஒன்றின் இடைவெளியை மற்றொன்று அடைத்தது. ஆகவே தெளிவாகப் பேசுங்கள் என்ற அறிவுரை மட்டும் போதாது. திருப்பிச் சொல்வதைக் கடமையாகவும், ஐயம் கேட்பதை உரிமையாகவும் ஆக்காத எந்த நிறுவனத்திலும் தகவல் தொடர்பு பாதி வழியிலேயே நிற்கும்.