கடற்கரையும் ஒரு கொப்பியும்



கடந்த மாதம் நமது சங்கத்திலிருந்து நான்கு பேர் கடலரிப்பு விடயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார். "கடல் எத்தனை மீட்டர் உள்ளே வந்திருக்கிறது? எந்த ஆண்டிலிருந்து?" என்று கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னோம். ஒருவர் தென்னை நின்ற இடத்தைச் சொன்னார். இன்னொருவர் கரைவலை வாடி இருந்த இடத்தைச் சொன்னார். "எழுத்தில் ஏதும் இருக்கிறதா?" என்றார். இருக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை.

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. ஊராகக் கூடி முடிவெடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் எடுத்த முடிவை எழுதி வைப்பதில் நாம் எப்போதும் பின்தங்கியே இருந்திருக்கிறோம். அதற்கு நாம் கொடுத்த விலையைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒலுவிலிலிருந்து பெரியநீலாவணை வரை நமது கரையோர ஊர்கள் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலுமாக நடுவில் ஒடுங்கிக் கிடப்பவை. இரண்டுக்கும் ஒழுங்கு தேவைப்பட்டது. கடலில் அந்த ஒழுங்குக்குப் பெயர் பாடு. எந்தக் கரைவலை எந்த இடத்தில், யாருக்குப் பிறகு யார் என்பது கரையிலேயே பேசித் தீர்க்கப்பட்டது. வயலில் வட்டவிதானை. கன்னக் கூட்டத்தில் விவசாயிகள் கூடி, தண்ணீர் திறக்கும் நாளையும் வேலி அடைக்கும் நாளையும் முடிவு செய்தார்கள். விவசாயிகள் தங்கள் வழக்கப்படி விதி செய்துகொள்ள 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமே இடம் கொடுத்தது.

ஊருக்குள் பள்ளிவாசல். ஒவ்வொரு குடியிலிருந்தும் ஒரு மரைக்காயர் பள்ளியில் உட்கார்ந்தார். பிணக்கு, கந்தூரி, ஜனாஸா, வறியவருக்கு உதவி எல்லாம் அவர்கள் கையால் நடந்தன. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் வந்து பள்ளிகள் பதிவு செய்யப்பட்டு நம்பிக்கையாளர் சபைகள் அமைந்த பிறகும், பல ஊர்களில் மரைக்காயர் முறை அதற்குள்ளேயே தொடர்ந்தது.

இதில் மறந்துபோகும் ஒரு விடயம் உண்டு. குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. குடியும் பெண்ணால், வீடும் பெண்ணுடையது. ஆனால் குடியின் பெயரால் சபையில் உட்கார்ந்தது ஆண் மட்டும்தான். இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வந்தன. மாதர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம் என்று அடுத்தடுத்து வந்தன. சிரமதானத்தில் ஒழுங்கை போட்டதையும், வாசிகசாலையில் ஒரு பத்திரிகையைப் பத்துப் பேர் சுற்றி நின்று வாசித்ததையும் நமது பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மேலே கிராம சபை இருந்தது. அதன் தலைவர் ஊருக்குள் இருந்தார். வடிகான் அடைத்தால் அவரது வீட்டுப் படலையில் போய்த் தட்டலாம்.

1981இல் இரண்டு விடயங்கள் நடந்தன. மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்து கிராம சபைகள் இல்லாமல் போயின. அதே ஆண்டில் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கரையிலிருந்து உள்ளே 300 மீட்டர் கரையோர வலயமானது. சட்டம் தேவையானதுதான். ஆனால் கரைக்கு ஒரு சட்டம் வந்த ஆண்டிலேயே, அதைப் பற்றிப் பேசுவதற்கு ஊரிடமிருந்த சபை போய்விட்டது. பிரதேச சபைச் சட்டம் 1987இல்தான் வந்தது. அந்தச் சபை பல ஊர்களுக்குப் பொதுவானது. இன்று குப்பைக்கு ஒரு கதவு, மீன்பிடிக்கு ஒரு கதவு, துறைமுகத்துக்கு ஒரு கதவு, கரைக்கு ஒரு கதவு, காணிக்கு இன்னொரு கதவு. ஒரு கதவில் தட்டினால் மற்றக் கதவைக் காட்டுவார்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26. அந்த ஞாயிறு காலையைப் பற்றி நாம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான். 10,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் ஓர் அலுமாரியும் அதற்குள் இருந்த கூட்ட அறிக்கைப் புத்தகங்களும் ஒன்றுமில்லை. அதனால் அப்போது அவற்றை யாரும் தேடவில்லை. இருபது ஆண்டு கடந்தும் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை என்பதுதான் நமது தவறு.

சுனாமிக்குப் பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். ஒடுங்கிய நமது ஊர்களில் 200 மீட்டர் என்றால் ஊரின் பெரும் பங்கு. எதிர்ப்புகளுக்குப் பிறகு அளவு குறைந்தது. மருதமுனையில் '65 மீட்டர் வீட்டுத் திட்டம்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கிலும் இழுபறியிலும் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன.

மீள்குடியேற்றத்தில் இன்னொன்றும் நடந்தது. புதிய வீட்டுக்கான உறுதியைக் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதினார்கள். தலைவர் என்றால் ஆண். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு அலையில் போக, அதற்குப் பதிலாக வந்த வீடு பல குடும்பங்களில் கணவர் பெயரில் வந்தது. "இது பெண்ணுடைய வளவு" என்பது ஊருக்கே தெரியும். ஆனால் பல இடங்களில் அதைக் காட்டக் கடதாசி இல்லை, சொல்லச் சபையில் பெண்ணும் இல்லை.

இப்போது கடலரிப்பு. ஒலுவில் துறைமுக வேலை 2008இல் தொடங்கி 2013இல் திறக்கப்பட்டது. நமது கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அலை அதைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திக்கொண்டே போகும். நடுவில் அலைதடுப்பு அணை வந்தால் தெற்குப் பக்கம் மணல் சேரும், துறைமுக வாயும் அடைபடும், வடக்குப் பக்கத்துக்கு மணல் வந்து சேராது. ஒலுவிலில் தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. காணி இழந்தவர்களின் நட்டஈட்டுப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. நிந்தவூரிலும் கரை வெட்டுப்பட்டது. மாளிகைக்காட்டில் மையவாடியின் மதில்வரை கடல் வந்து இடித்தது. மரணித்தவர்களுக்கும் நிம்மதியில்லை.

ஒரு கரையில் கல் போட்டால் அங்கே கடல் நிற்கும், அரிப்பு அடுத்த கரைக்கு நகரும். அதனால் "எங்கள் ஊருக்கு மட்டும் கல் போடுங்கள்" என்று நாம் தனியே கேட்பது, பக்கத்து ஊரின் கரையைக் கேட்பது போலத்தான். நிந்தவூருக்கு அடுத்தது காரைதீவு. கடல் முஸ்லிம் ஊர், தமிழ் ஊர் என்று பார்த்து அரிப்பதில்லை. மனுவும் எல்லா ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்டுப் போகவேண்டும். அந்தக் காலத்தில் பாட்டு ஒழுங்கும் அப்படி ஒருவரோடொருவர் இருந்து பேசித்தான் நடந்தது.

ஆகவே சங்கத்தின் சார்பில் நான்கு விடயங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, ஒரு கொப்பி. கரையில் மூன்று இடங்களைக் குறித்து, அசையாத ஒரு கட்டடத்திலிருந்து அலை ஏறும் கோடுவரை ஒவ்வொரு மாதமும் நாடா பிடித்து அளப்போம். திகதி, அளவு, படம். இதை நமது மாணவர்களே செய்வார்கள். பெரியவர்கள் இருவர் ஒப்பமிட்டால் போதும். வாடைக்காலத்துக்கு முன்பே தொடங்கவேண்டும்.

இரண்டு, அதற்கு இரண்டு பிரதிகள். ஒன்று பள்ளிவாசலில், மற்றது கடலுக்குத் தூரமான ஒரு பாடசாலையில்.

மூன்று, பழைய உறுதி, காணி வரைபடம், கரையில் எடுத்த கலியாணப் படம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். படமெடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். பின்னால் தெரியும் கடல்தான் நமக்குத் தேவை.

நான்கு, மாதர் சங்கத்திலிருந்தும் அங்கத்தவர்கள் நமது கூட்டத்தில் உட்காரவேண்டும், அவர்கள் சொல்வதும் அறிக்கையில் பதியப்படவேண்டும். இதில் சிலருக்கு மனக்குறை இருக்கலாம். வீட்டு உறுதிகளில் நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை அதே கதவைத் தட்டும்போது, எத்தனை மீட்டர் என்ற கேள்விக்கு நாம் பதில் சொல்லத் தேவையில்லை. கொப்பியைத் திறந்து வைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சனசமூக நிலையத்தில் கூடுவோம், இன்ஷா அல்லாஹ். நமது ஊரையும் அயலூர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.