சிதம்பரமும் கடலூரும்: கல்வெட்டு வழியே ஒரு வரலாற்று நடை

முன்னுரை

பழைய நகர் ஒன்றை வழிகாட்டியின் விளக்கத்துடன் நடந்து காண்பதை வரலாற்று நடை என்கிறோம். ஐரோப்பாவின் இடைக்கால நகரங்களில் இது நெடுங்காலமாக நிலைபெற்ற வழக்கம். வேற்று நாட்டவர் தம் மொழியிலேயே விளக்கம் கேட்டு, இரண்டு மணி நேரத்தில் ஒரு நகரின் பல நூற்றாண்டுகளை அறிந்து செல்கின்றனர். தமிழ்நாட்டில் அத்தகைய நடைக்குப் பொருத்தமான இடங்களுள் சிதம்பரமும் அதன் வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடலூரும் அடங்கும். தமிழ், வடமொழி, பிராகிருதம், போர்த்துக்கீசியம், டச்சு, ஆங்கிலம், பிரெஞ்சு எனப் பல மொழிகளில் இவ்வூர்களைப் பற்றிய பதிவுகள் உள்ளன. இங்கு வரும் பயணிக்கு இவற்றில் எவ்வளவு சொல்லப்படுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஊரின் பெயர்கள்

சிதம்பரத்தில் நடை தொடங்கும்போது முதலில் விளக்க வேண்டியது ஊரின் பெயரை. தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். உப்பங்கழி ஓரங்களில் வளரும் அம்மரத்தை அருகிலுள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் இன்றும் காணலாம். சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரைப் பெரும்பற்றப்புலியூர் என்று குறிக்கின்றன. நடராசர் சன்னிதியின் பெயர் சிற்றம்பலம். சிதம்பரம் என்ற பெயர் இதிலிருந்து வந்தது என்போர் உண்டு. 'சித்', 'அம்பரம்' என்ற வடசொற்களின் சேர்க்கை என்போரும் உண்டு. மரம், குடியிருப்பு, மன்றம் என மூன்று நிலைகளை இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. வெளிநாட்டவருக்கு இவற்றை ஒலிபெயர்த்துச் சொன்னால் மட்டும் போதாது. பொருளையும் சொல்ல வேண்டும்.

கோயிலைச் சுற்றிக் கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி ஆகிய நான்கு தேர் வீதிகள் உள்ளன. ஆனித் திருமஞ்சனத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் தேர் வருவது இவ்வீதிகளில்தான். கோயிலை நடுவில் வைத்து ஊர் வளர்ந்த முறையை இவ்வீதிகளில் ஒருமுறை சுற்றி வந்தாலே புரிந்துகொள்ளலாம்.

கீழக் கோபுரம்: நடனத்தின் பாடநூல்

கீழவீதியிலிருந்து உள்ளே நுழைந்தால் ஏழு நிலைக் கோபுரம். அதன் வாயிலின் இருபுறச் சுவர்களிலும் நாட்டிய கரணங்கள் சிற்பங்களாக அடுக்கப்பட்டுள்ளன. பரதரின் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் இவை. ஒவ்வொரு கரணத்தையும் விளக்கும் வடமொழிச் செய்யுள் கிரந்த எழுத்தில் அருகிலேயே வெட்டப்பட்டுள்ளது. சென்னை மாகாணக் கல்வெட்டுத் துறை 1914ஆம் ஆண்டு அறிக்கையில் இவற்றுள் 93 கரணங்களை வெளியிட்டது. ஏட்டில் இருந்த நடன இலக்கணத்தின் பொருளை ஆய்வாளர் உறுதிசெய்ய இச்சிற்பங்கள் பெரிதும் துணைநின்றன. பலர் இவ்வாயிலை வெயிலுக்கு ஒதுங்கும் நிழலாகக் கருதிக் கடந்து செல்கின்றனர். காலை ஒளியில் பத்து நிமிடம் நின்று பார்த்தால், உருவமும் எழுத்தும் சேர்ந்த பாடநூல் இது என்பது விளங்கும்.

கடல் கடந்து வந்த கல்

முதற் குலோத்துங்க சோழனின் 44ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இக்கோயிலில் உள்ளது. ஆண்டு 1114. காம்போச அரசன் சோழ மன்னனுக்குக் காட்சிப் பொருளாக ஒரு கல்லை அளித்தான் என்றும், மன்னன் ஆணைப்படி அது கோயிலில் சிற்றம்பலத்துக்கு எதிரே உள்ள பகுதியில் பதிக்கப்பட்டது என்றும் அது கூறுகிறது. காம்போசம் என்பது இன்றைய கம்போடியா. அங்கோர்வாட் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் அரியணை ஏறியது 1113இல். இரு பெருங்கோயில் நாடுகளுக்கிடையே கடல்வழி உறவு இருந்ததற்கு ஒரு கல் சான்றாக நிற்கிறது. வெளிநாட்டுப் பயணிக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறு எது?

குலோத்துங்கனுக்கும் அவன் மகன் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக இருந்தவன் நரலோகவீரன். மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்றும் பெயர். அவன் செய்த பணிகளை இக்கோயிலின் கல்வெட்டு தமிழ்ச் செய்யுள்களிலும் வடமொழிச் செய்யுள்களிலும் பட்டியலிடுகிறது. நூற்றுக்கால் மண்டபம் எடுத்தது, மாசித் திருவிழாவில் இறைவன் கடலாடச் செல்ல வழி அமைத்தது, தேவாரப் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்தது ஆகியவை அவற்றுள் சில. ஒரே செய்தியை இருமொழிகளில் பொறித்ததற்குக் காரணம் எளிது. உள்ளூராருக்கு ஒரு மொழி. நாடு முழுவதிலிருந்தும் வரும் கற்றோருக்கு இன்னொரு மொழி. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வூர் வேற்றூராரையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறது.

கட்டியவர் யார்?

நான்கு கோபுரங்களையும் யார் கட்டினர் என்பது நடையில் தவறாமல் எழும் கேள்வி. தெற்குக் கோபுரம், 13ஆம் நூற்றாண்டில் சேந்தமங்கலத்திலிருந்து ஆண்ட காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கனோடு தொடர்புடைய 'சொக்கச்சீயன்' என்ற பெயரைப் பெற்றது. ஆனால் அதன் உட்கூரையில் இருப்பது பாண்டியரின் மீன் சின்னம். ஒருவர் தொடங்க இன்னொருவர் முடிப்பதும், வென்றவர் தம் அடையாளத்தைப் பதிப்பதும் அக்கால வழக்கம். எனவே ஒரு கோபுரத்துக்கு ஒரே மன்னன் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. ஆய்வாளரிடையேயும் இதில் கருத்து வேறுபாடு உண்டு.

வடக்குக் கோபுரம் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் பணி. கலிங்க வெற்றிக்குப் பின் 1516இல் அவர் இங்கு வந்து வழிபட்டு இக்கோபுரத்தை எழுப்புவித்தார். கூப்பிய கைகளுடன் அவர் சிலை அங்கு உள்ளது. பலரும் அதைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அதே கோபுரத்தில் நான்கு சிற்பாசாரியர்களின் உருவங்களும் பெயர்களுடன் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் இருவர் விருத்தகிரி எனப்பட்ட விருத்தாசலத்தைச் சேர்ந்த தந்தையும் மகனும். உழைத்தவர் பெயர் மன்னர் பெயருக்கு அருகிலேயே நிற்பது நம் கட்டடக் கலை வரலாற்றில் அரிது. வழிகாட்டி ஒருவர் கட்டாயம் சுட்டிக்காட்ட வேண்டிய இடம் இது.

கசப்பான பக்கங்கள்

வரலாற்று நடை பெருமை பேசுவதற்கு மட்டும் உரியதன்று. நடராசர் சன்னிதிக்கு அருகிலேயே கோவிந்தராசப் பெருமாள் சன்னிதி உள்ளது. 1597இல் செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பர் அச்சன்னிதியின் திருப்பணியை மேற்கொண்டார். அதை எதிர்த்துக் கோயில் அர்ச்சகர்கள் கோபுரத்திலிருந்து குதித்தனர். சுமார் 20 பேர் உயிரிழந்தனர். இதைக் குறித்து வைத்தவர் அவ்வாண்டில் இப்பகுதிக்கு வந்த இயேசு சபைத் துறவி நிக்கோலாஸ் பிமெந்தா. உள்ளூரின் ஒரு துயரச் செய்தி அயலவரின் கடிதத்தால் நமக்குக் கிடைக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் போர் அச்சத்தால் நடராசர் திருமேனியே ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1648இல் எடுத்துச் செல்லப்பட்ட திருமேனி 37 ஆண்டுகளுக்கு மேல் வேற்றூர்களில் வைக்கப்பட்டு, 1686இல் மீண்டது. மராட்டிய மன்னர் சாம்பாஜி காலச் செப்பேடுகளால் இதை அறிகிறோம். 1781இல் ஐதர் அலியின் படை இக்கோயிலைக் கோட்டையாகப் பயன்படுத்தியது. அவ்வாண்டு சூன் 18இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். சூலை 1இல் அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் நடந்த போரில் அவர் வென்றார்.

கடலூர்: வாணிகத்தின் மொழிகள்

பரங்கிப்பேட்டையைக் கடந்து வடக்கே சென்றால் கடலூர். இங்கும் முதல் நிறுத்தம் ஒரு கோயிலே. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் அப்பர் பாடிய தலம். ஆனால் இவ்வூர் அதற்கு முன்பே சமணரின் கல்வி நிலையமாக விளங்கியது. 'லோகவிபாகம்' என்ற சமண உலகியல் நூலைச் சர்வநந்தி என்னும் முனிவர் பிராகிருதத்தில் எழுதியது பாடலிகை என்னும் ஊரில். அதை இவ்வூராகவே அறிஞர் கொள்கின்றனர். காஞ்சிப் பல்லவ மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380 என அந்நூல் தன் காலத்தைச் சொல்கிறது, அது கி.பி. 458. பல்லவர் காலக் கணிப்புக்கே இக்குறிப்பு ஓர் அடிப்படை.

கெடிலம் கடலோடு சேரும் இடத்துக்கு அருகில் தேவனாம்பட்டினம். டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் இங்கு வாணிகம் செய்தனர். 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராசாராமிடம் இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கியது. அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழும் எல்லைவரை உள்ள நிலம் கம்பெனிக்கு உரியது என்பது உடன்பாடு. அவ்வாறு அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது இக்கோட்டையே ஆங்கிலேயரின் தென்னிந்தியத் தலைமையிடமாயிற்று. 1752 வரை அந்நிலை நீடித்தது. 1756இல் இராபர்ட் கிளைவ் இதன் ஆளுநரானார். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி அதன் அரண்களை இடித்தார். இன்று எஞ்சியிருப்பவை சிதைவுகளே. பார்ப்பதற்குக் குறைவாகவே இருப்பதால், இங்கு வழிகாட்டியின் சொல்லுக்குத்தான் வேலை அதிகம்.

இக்கடற்கரையில் அயலாருக்கும் உள்ளூராருக்கும் இடையே நின்றவர் துபாசி. இருமொழி அறிந்தவர் என்பது பொருள். விலை பேசினார், கடிதம் மொழிபெயர்த்தார், அரண்மனைக்கும் பண்டகசாலைக்கும் இடையே தூது சென்றார். இன்றைய சுற்றுலா வழிகாட்டியின் முன்னோடி என்று அவரைக் கொள்ளலாம். துபாசி தவறாக மொழிபெயர்த்தால் வாணிகம் கெட்டது. வழிகாட்டி தவறாகச் சொன்னால் கெடுவது வரலாறு.

சொல்லப்படும் கதைகள்

சிதம்பரம் உலகின் காந்த மையத்தில் அமைந்துள்ளது என்று பயணிகளிடம் அடிக்கடி கூறப்படுகிறது. இது உண்மையன்று. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டியே செல்கிறது. 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ஏவுதளம் அமைத்ததற்கும் அதுவே காரணம். ஐந்து பூதத் தலங்களும் ஒரே நேர்கோட்டில் உள்ளன என்பது இன்னொரு கதை. சிதம்பரம், காஞ்சிபுரம், காளத்தி மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. திருவண்ணாமலையும் திருவானைக்காவும் அதிலிருந்து மேற்கே விலகியுள்ளன.

செனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் இந்திய அரசு அளித்த நடராசர் சிலை 2004இல் நிறுவப்பட்டது. அதைக் கண்ட அயல்நாட்டார் சிதம்பரம் பற்றி அறிய விரும்புவது இயல்பு. அவர்களுக்குச் சொல்ல அறிவியல் போலத் தோன்றும் கட்டுக்கதை தேவையில்லை. கம்போடியக் கல்லும் கரணங்களும் சிற்பிகளின் பெயர்களும் போதும்.

முடிவுரை

1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகச் செருமானியர் ஊல்ச் அமர்ந்தார். தமிழறிஞர் வெங்கையா அவருக்குத் துணைநின்றார். அவர்கள் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் வரிசையில் சிதம்பரம் கல்வெட்டுகள் பல அச்சேறியுள்ளன. ஆனால் அச்சில் இருப்பது வீதிக்கு வந்துசேரவில்லை. சுண்ணாம்புப் பூச்சு, வண்ணப்பூச்சு, மணல் வீச்சு முறையில் சுவர் தூய்மை செய்தல் ஆகியவற்றால் தமிழ்நாட்டின் பல கோயில்களில் எழுத்துகள் மழுங்கிவிட்டன. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரார் அறிந்திருந்தால் அதன்மேல் பூச யாரும் எளிதில் துணியமாட்டார்கள்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் இவ்வூரிலேயே இயங்குகிறது. வரலாறும் தமிழும் மொழியியலும் பயிலும் மாணவர்கள் கீழவீதிக்கு நடந்தே வரும் தொலைவில் உள்ளனர். ஆண்டுக்கு இருபது மாணவர்கள் பத்துக் கல்வெட்டுகளைப் படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் விளக்கக் கற்றுக்கொண்டால் நல்ல வரலாற்று நடை ஒன்று உருவாகிவிடும். கோயிலுக்குச் செல்வோர் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதை நினைவில் கொண்டு காலையிலேயே புறப்படுவது நல்லது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை; குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.