'வேட்புமனு வரவில்லை'

தேர்தல் அதிகாரிகளின் பாஷையில் இரண்டு வார்த்தைகள் அடிக்கடி வரும். ஒன்று 'அமைதி'. இன்னொன்று 'வேட்புமனு வரவில்லை'. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இவற்றின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்தது சேரிதான்.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் அமலுக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவியில் தலித்துகளுக்கு இடஒதுக்கீடு. 1996இல் தமிழகத்தில் உள்ளாட்சித் தேர்தல். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். தனித்தொகுதி என்றதும் ஆதிக்க சாதியினர் தேர்தலையே முடக்கினார்கள். பத்து வருஷம் இதே கதை. மனுவே வராது, வந்தால் அவர்கள் நிறுத்திய ஆளாக இருப்பார், ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார்.

அதிகாரியின் கணக்கு எளிது. அறிவிப்பு ஒட்டியாச்சு, மேசை போட்டு உட்கார்ந்தாச்சு, யாரும் வரலை. சட்டப்படி எல்லாம் சரி. சேரியின் கணக்கு வேறு. கூலி வேலை அவுங்க காட்டுல, நடக்குறது அவுங்க தெருவுல. மனுவைக் குடுத்துட்டு சாயங்காலம் எங்கிட்டுப் போறது?

பக்கத்திலேயே மேலவளவு இருக்கிறது. அங்கே மனுப் போட்டார்கள். 1996 டிசம்பரில் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுபடி வாக்குப்பதிவு நடந்து முருகேசன் தலைவரானார். அதிகாரிகளைப் பொறுத்தவரை அத்தோடு தேர்தல் முடிந்தது. 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பியவரை வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் ஐந்து பேர். எங்கள் சனங்களுக்கு அன்றைக்கும் தேர்தல் முடிந்திருக்கவில்லை.

ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "கலவரம் இல்லேன்னா நல்ல தேர்தல்ங்கிறாக. நம்மள்ல ஒருத்தன் சொந்தமா நின்னாத்தானப்பா கலவரமே!"

2006இல் நடந்ததைப் பாருங்கள். அதே சட்டம், அதே ஊர்கள், அதே சாதி. மாவட்ட நிர்வாகம் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசியது. அந்த அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியேற்றார்கள். அப்படியென்றால் முந்தின பத்து வருஷம் இல்லாமல் போனது மனு இல்லை, மனம்.

தோழர்களே, இனி எந்த ஊரிலாவது 'வேட்புமனு வரவில்லை' என்று எழுதினால், ஏன் வரவில்லை என்று அடுத்த வரியையும் எழுதச் சொல்லுங்கள். அந்த வரியில்தான் எங்கள் வரலாறு இருக்கிறது.