கடை ஊழியரின் ஓய்வு நேரம்: சட்டமும் ஷரீஅத்தும் வகுத்த கணக்கு



தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்துக்கு இரவு பகல் கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். பிறகு கார்த்திகை பிறந்ததும் சபரிமலை பக்தர்களின் வருகை. சிப்ஸ் கடை, அல்வா கடை, பழக்கடை, துண்டும் எண்ணெயும் விற்கும் கடை, தென்காசி பஜாரில் உள்ள துணிக்கடை என்று எல்லா இடத்திலும் வேலைக்கு ஆள் தேவைப்படும். அந்தக் கடைகளில் பலவற்றின் முதலாளி நம் சமுதாயத்தவர். அங்கே நிற்கும் பிள்ளைகளிலும் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள்.

"ஹஜ்ரத், பையன் காலையில் போனால் இரவு பத்தரைக்குத்தான் வருகிறான். கால் வீங்கிவிடுகிறது. தொழவும் நேரமில்லை என்கிறான். இதைக் கேட்கலாமா, கேட்டால் வேலை போய்விடுமா?" என்று தாய்மார்கள் சீசன்தோறும் கேட்கிறார்கள். கேட்கலாம். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலாளிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் கடைகளுக்குப் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் முக்கியமான அளவுகள் இவை:

1. ஒரு நாளில் 8 மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம். இதுதான் சாதாரண வேலை நேரம்.

2. கூடுதல் வேலை வாங்கினாலும் நாளொன்றுக்கு 10 மணி நேரத்தையும், வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு கூலி கொடுக்க வேண்டும்.

3. குறைந்தது ஒரு மணி நேர இடைவேளை கொடுக்காமல் 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

4. வேலையும் இடைவேளையும் சேர்ந்து, வந்ததிலிருந்து போவது வரை, 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

5. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

உணவகங்களுக்கு 1958ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஹோட்டல் நடத்துவோர் அதைப் பார்த்து நேரம் வகுக்க வேண்டும். இங்கே நாம் சொல்வது கடைகளின் கணக்கு.

நான்காவது விதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. "காலை 6 முதல் 10 வரை நில். பிறகு வீட்டுக்குப் போய் மாலை 6 மணிக்கு வந்து 10 வரை நில். மொத்தம் எட்டு மணி நேரம்தானே?" என்பார்கள். வேலை எட்டு மணிதான். ஆனால் அந்த ஊழியரின் நாள் 16 மணி நேரம் கடைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வருபவருக்கு நடுவில் கிடைக்கும் நேரம் ஓய்வாகாது. இப்படிப் பிரிப்பது சட்டப்படி தவறு.

ஷிப்ட் போடுவது எப்படி?

"எல்லோரையும் ஒரு மணி நேரம் அனுப்பிவிட்டால் கடையை யார் பார்ப்பது?" என்பது முதலாளியின் கேள்வி. நியாயமான கேள்விதான். எல்லோரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்வதால்தான் இந்தச் சிக்கல். காலை 6 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் ஒரு கடையில் ஊழியர்களை நான்கு அணியாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் அணி: 6 முதல் 10, ஒரு மணி ஓய்வு, 11 முதல் 3.
இரண்டாம் அணி: 7 முதல் 11, ஓய்வு, 12 முதல் 4.
மூன்றாம் அணி: 12 முதல் 4, ஓய்வு, 5 முதல் 9.
நான்காம் அணி: 1 முதல் 5, ஓய்வு, 6 முதல் 10.

ஒவ்வொருவருக்கும் வேலை எட்டு மணி, ஓய்வு ஒரு மணி. கடை ஒரு நிமிடமும் ஆளில்லாமல் இருக்காது. கூட்டம் அதிகமான நாளில் கூடுதலாக இரண்டு மணி நேரம் தேவைப்பட்டால், நான்கு மணி வேலை, ஒரு மணி ஓய்வு, நான்கு மணி வேலை, ஒரு மணி ஓய்வு, இரண்டு மணி வேலை என்று போடலாம். கூட்டினால் சரியாக 12. சட்டத்தின் எல்லை அங்கே முடிகிறது. அதற்கு மேலும் ஆள் தேவை என்றால் சீசனுக்கு இன்னொருவரைச் சேர்ப்பதுதான் வழி.

உட்காரும் உரிமை

இடைவேளை தவிர்த்த மற்ற நேரமெல்லாம் நின்றே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. புளியரையைத் தாண்டினால் வரும் கேரளத்தில் இதற்கென்றே ஒரு போராட்டம் நடந்தது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளியின் முயற்சியில் உருவான 'பெண்கூட்டு' அமைப்பு, துணிக்கடைப் பெண்களின் இந்தக் கோரிக்கையை முன்னெடுத்தது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். வாடிக்கையாளர் இல்லாதபோது ஊழியர் உட்கார்ந்தால் அது சோம்பேறித்தனம் ஆகாது, உரிமை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உங்கள் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கூட நின்று உதவுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியில் பதிவாகியுள்ளது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்திய பெரியவர், உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்று ஒப்பந்தத்தின்போதே சொன்னதை கஸஸ் அத்தியாயத்தில் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. முதலாளிகளுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எது?

தொழுகை விஷயத்தில் ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்கள் தெளிவாக இருக்கின்றன. நேரக் கணக்கில் அமர்த்தப்பட்ட ஊழியருக்கு ஒளுவுக்கும் பர்ளான தொழுகைக்கும் ஆகும் நேரம் ஒப்பந்தத்திலிருந்து விலக்கப்பட்டது. அதற்காகக் கூலியைக் குறைக்கக் கூடாது. மாலையில் மக்ரிபுக்கு ஒருவர் பின் ஒருவராகப் பத்து நிமிடம் போய் வரலாம். ஜும்ஆ தொழுவோரை வெள்ளியன்று நான்காம் அணியில் போட்டு, அரை மணி பிந்தி வரச் சொல்லலாம். பிற மதச் சகோதரர்கள் அந்த நேரம் கடையைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களின் பண்டிகைக்கு நம் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊழியருக்கும் கடமை உண்டு. தொழப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே நின்று செல்போன் பார்ப்பது அமானிதத்தில் மோசடி. வேலை நேரம் முதலாளியின் ஹக்கு. ஓய்வு நேரம் உடலின் ஹக்கு.

பிரச்சினை வந்தால்?

வந்த நேரம், போன நேரம், இடைவேளை ஆகியவற்றை ஊழியர் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. முதலில் முதலாளியிடம் நேரில், மரியாதையோடு பேசுங்கள். தேவைப்பட்டால் ஜமாஅத் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

சீசன் வியாபாரம் நான்கு மாதம். அதில் சம்பாதித்ததற்கும், யாரை எப்படி வேலை வாங்கினோம் என்பதற்கும் மறுமையில் கணக்கு உண்டு. நம் வியாபாரத்தில் பரக்கத்தையும், நம்மிடம் வேலை செய்வோரின் துஆவையும் வல்ல ரஹ்மான் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.