பிளேக் நோய் ஈன்ற பூங்கா

பம்பாய் மாநகரைக் காணவரும் நம் ஊர் உறவினர் முதலில் வியப்பது இங்குள்ள கூட்டத்தையே. அவர்களை நாம் தாதர் நிலையத்தின் நெரிசலிலிருந்து மீட்டு, கிழக்கே சிறிது தூரம் அழைத்துச் சென்றால் ஐந்து பூங்காக்களை அடைகிறோம். அகன்ற சாலைகள், இருபுறமும் கிளை கோத்து நிற்கும் மரங்கள், வளைந்த மாடமுகப்புகளுடன் அடக்கமாக நிற்கும் பழைய மாளிகைகள். அங்கிருந்து வடக்கே கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தால், மல்லிகைச் சரமும் வாழையிலையும் விற்கும் கடைத்தெரு வந்துவிடும். “இதுவும் பம்பாய்தானா?” என்று கேளாத விருந்தினர் இல்லை.

இந்த அமைதி தானாக வந்ததன்று. 1896ஆம் ஆண்டு துறைமுகத்தை அடுத்த மாண்ட்வியில் பிளேக் நோய் தோன்றியது. தானியக் கிடங்குகளும் காற்றுப் புகாத குடியிருப்புகளும் நெருங்கியிருந்த பகுதி அது. மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். எஞ்சியோரில் இலட்சக்கணக்கானோர் இரயிலேறியும் கால்நடையாகவும் நகரைவிட்டு ஓடினர். ஆலைகளும் துறைமுகமும் ஆளின்றித் தவித்த பின்னரே ஆட்சியாளர் விழித்துக்கொண்டனர் என்பது நம் கருத்து. 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு அமைந்தது. அது பழைய குடியிருப்புகளை இடித்து, கடற்காற்று உட்புகுமாறு சாலைகளை வெட்டியது. இடித்த அளவிற்கு ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவில்லை என்ற குறை அக்காலத்திலேயே எழுந்தது.

அதே டிரஸ்டு 1899–1900இல் வகுத்ததே தாதர்–மாட்டுங்காத் திட்டம். நகரின் முதல் திட்டமிட்ட புறநகர் என்று இதனைச் சொல்வர். அன்று அங்கிருந்தவை வயல்களும் தோப்புகளும் சதுப்பு நிலமுமே. 1890இல் தொழுநோயாளர் விடுதி அமைந்ததும் இப்பக்கத்திலேதான். நகரம் தன் கண்ணுக்கு மறைவாக வைக்க விரும்பியதை வைக்கும் மூலையாக இது இருந்தது. அந்த மூலையைக் கையகப்படுத்தி, மேடாக்கி, 60,000 பேர் குடியேறத் தக்கவாறு மனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டனர். தரைத்தளத்துடன் மூன்று அடுக்கிற்கு மேல் எழுப்பலாகாது, வீட்டிற்கும் வீட்டிற்கும் இடைவெளி வேண்டும் என்று விதித்தனர். இன்று நாம் அழகென்று சொல்வது பெரும்பாலும் அந்த விதிகளின் விளைவே. பூங்காக்களுக்குப் பெயர் தந்த மஞ்சர்ஜி ஜோஷி டிரஸ்டில் பணிபுரிந்த பொறியாளர். பார்ஸி காலனியை உருவாக்கியவரும் அவரே. சாலைகளுக்குத் தெலங், பண்டார்க்கர், பாவ் தாஜி முதலிய அறிஞர் பெயர்களை இட்டனர்.

முதல் உலகப் போருக்குப் பின்னர்தான் மனைகள் விரைந்து நிறைந்தன. 1915இல் மாட்டுங்கா இரயில்வே பணிமனை எழுந்தது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவிற்கு நாட்டின் முதல் மின்சார இரயில் ஓடியது. (இரயில்வே ஊழியராகிய நாம் இதைச் சொல்லாமல் விடலாகுமா!) அலுவலகங்களில் கணக்கும் தட்டெழுத்தும் பார்க்க வந்த தென்னிந்தியர், கோட்டைப் பகுதியில் வேலை செய்து மாட்டுங்காவில் குடியிருக்க வழி பிறந்தது. சாளுகளில் நடைவழிக் கோடியிலிருந்த பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்று சலித்தவர்களுக்கு, கதவைச் சாத்தினால் சமையலறையும் குளியலறையும் தமக்கே என்ற ஃபிளாட் வாழ்க்கை பெரும் புதுமையாக இருந்தது. 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் சண்முகானந்த சபை எனத் தொடர்ந்து நிறுவனங்கள் எழுந்தன. 1963இல் திறந்த சபையின் மண்டபம் 1990இல் தீக்கிரையாயிற்று. 1998இல் மீண்டும் எழுந்தது.

நம் மலர்களில் இவ்வளவும் பலமுறை எழுதப்பட்டதுண்டு. எழுதாமல் விடுவது மறுபக்கத்தை. மாட்டுங்காவில் மேற்கு நோக்கித் தண்டவாளங்களைக் கடந்தால் தாராவி. மாட்டுங்காவிற்கு எழுத்தர் வருமுன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் அங்கே தோல் பதனிடத் தொடங்கிவிட்டனர். பாந்திரா இறைச்சிக் கூடத்துத் தோல் அருகிலேயே கிடைத்தது. நாற்றமுள்ள தொழிலை நகரமும் அந்தச் சதுப்பு ஓரத்திற்கே தள்ளியது. அவர்களும் சதுப்பை மேடாக்கினர். டிரஸ்டின் பணத்தாலன்று, குப்பையையும் மண்ணையும் தம் தலையில் சுமந்து. அகன்ற சாலையோ பூங்காவோ அவர்களுக்கு எவரும் வரைந்து தரவில்லை. மாட்டுங்காவில் குடியேறிய தமிழரில் பெரும்பாலோர் பிராமணர். மாதச் சம்பளமும் ஆங்கிலக் கல்வியும் உடையோர். தாராவித் தமிழரில் பலர் ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும். இரண்டிற்கும் இடையே சில தண்டவாளங்களே. எனினும் ஒரு கரையின் கச்சேரியை மறுகரை கேட்டது அரிது.

இன்று மாட்டுங்காவின் மூன்றடுக்கு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அவ்விடத்தில் உயர்ந்த கோபுரக் கட்டடங்கள் நிற்கின்றன. கிங்ஸ் சர்க்கிள் மகேசுவரி உத்தியானம் ஆயிற்று. அதனருகே மேம்பாலமும் எழும்பிற்று. மரங்கள் இன்னும் நிழல் தருகின்றன.

தாராவியிலும் திட்டம் வந்திருக்கிறது. 2022இல் ஒப்பந்தப்புள்ளியில் அதானி குழுமம் அதனைப் பெற்றது. காற்று, வெளிச்சம், அகன்ற சாலை என்று 1899இல் கேட்ட சொற்களே மீண்டும் கேட்கின்றன. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்க்குத் தாராவிக்குள்ளேயே வீடு என்றும், ஏனையோர்க்கு வெளியே என்றும் திட்டம் பிரிக்கிறது. எந்தத் தாளைக் காட்டுவது, எந்த ஆண்டு மின்கட்டணச் சீட்டு செல்லும் என்று மாடியில் வாழும் குடும்பங்கள் பெட்டிகளைத் துழாவிக்கொண்டிருக்கின்றன.